யானைக்கு இட்ட மதிப்பெண்

மாலை நான்கரை மணி இருக்கும். மணியடித்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள். கைத்தொழில் அறையின் சிமெண்டுத் தரையில் முழங்கால் இரண்டையும் ஊன்றி, ஒரு யானையின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்து, வலக்கையில் சிவப்பு மை எழுதுகோலைப் பிடித்தவாறு நான் கிடந்தேன். அறையெங்கும் அரைத்த வெந்தயத்தின் கசப்பு மணம். கழுத்து வலித்தது.

வாயிற்படியில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. வலக் குதிகால் மட்டும் தேய்ந்திருந்தமையால் அவை தலைமையாசிரியருடையவை என்று அறிந்தேன்.

"தமிழய்யா, யானைக்குக் கீழ என்னா பண்றீங்க?"

"விடைத்தாள் திருத்துகிறேன்" என்றேன்.

செருப்புகள் ஓசைப்படாமல் திரும்பின. கதவு மெல்லச் சாத்தப்பட்டது. காய்ச்சல்காரன் படுத்திருக்கும் அறையின் கதவை அப்படித்தான் சாத்துவார்கள்.

இத்தொடரைப் படித்துவரும் அன்பர் ஒருவர், "இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு விடைத்தாளையாவது தாங்கள் தொலைத்ததுண்டா?" என்று அஞ்சலட்டையில் வினவியிருந்தார். ஒன்றைத் தொலைத்ததில்லை, ஐயா. முப்பத்தெட்டைத் தொலைத்திருக்கிறேன். ஒரே சமயத்தில்.

குப்பைக்கு ஒரு வரையறை

தானே புயல் கடலூரைப் புரட்டிப் போடுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது இது. அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் தமிழாசிரியன். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அறிவியல் ஆசிரியை பேறுகால விடுப்பில் போனார். மன்றம் என் தலையில் விழுந்தது.

"கடலூர்ல பொங்கலுக்கப்பறம் எக்ஸிபிஷன் இருக்கு. மறுசுழற்சியப் பத்தி. பிள்ளைங்களுக்கு விளையாட்டாவும் கைவேலையாவும் சொல்லித் தரணுமாம். நம்ம இஸ்கூல் பேரு வர்ற மாதிரி எதனா பண்ணுங்க" என்றார் தலைமையாசிரியர்.

வேறொருவராயிருந்தால் விளையாட்டிலிருந்து தொடங்கியிருப்பார். நான் இலக்கணம் பயின்றவன். வரையறையிலிருந்து தொடங்கினேன். குப்பை என்றால் என்ன? இதற்கு விடை காணாமல் குப்பையைத் திரட்டுவது முறையாகாது என்பது என் துணிபு. நான்கு நாள் சிந்தித்து, அடித்தும் திருத்தியும், ஐந்தாம் நாள் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதினேன்: "எழுதப்பட்டதோ அச்சிடப்பட்டதோ ஆகிய ஒரு தாளை மூன்று வார காலம் எவரும் கையால் தொடாதிருப்பின், அது குப்பை எனப்படும்."

பிள்ளைகள் பார்த்தெழுதினார்கள். ஒரு சொல் மிகையில்லை, ஒரு சொல் குறைவில்லை என்று நான் மகிழ்ந்தேன். அந்த வரையறையில் ஓட்டை இல்லைதான். என்னிடம் இருந்தது.

பிறகே விளையாட்டு. நான்கு தேர் வீதிகளின் பெயரால் வகுப்பை நான்கு அணிகளாகப் பிரித்தேன். கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி. விளையாட்டின் பெயர் காகித வேட்டை. கழிவுத்தாளைக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும்; எடைக்கேற்பப் புள்ளி. பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவர் தம் தராசை அன்பாகக் கொடுத்துதவினார்.

முதல் நாளே தெற்கு வீதி அணி மலைபோல் வென்றது. அவர்கள் கொண்டுவந்த நாளிதழ்க் கட்டைத் தூக்கியபோது என் வேட்டியில் நீர் சொட்டிற்று. வழியில் குளத்தில் முக்கி எடுத்துவந்திருந்தார்கள்.

"பனி ஜாஸ்திங்கய்யா" என்றான் அணித் தலைவன்.

அடுத்து நெகிழிப் புட்டிகளை வைத்து ஒரு விளையாட்டு. காலியான புட்டிகளைப் பத்து நிறுத்தி, கிழிந்த துணியைச் சுருட்டிய பந்தால் வீழ்த்த வேண்டும். காலிப் புட்டி கொணர்க என்றேனே தவிர, அது எவ்வாறு காலியாகியிருக்க வேண்டும் என்று கூறவில்லை. மறுநாள் காலை ஓர் அம்மையார் பள்ளி வாயிலில் வந்து நின்றார்.

"ஐயா, எம்மவன் தலைக்குத் தடவுற எண்ணெய மொத்தமும் புளிச் சட்டில ஊத்திட்டு பாட்டில எடுத்தாந்துட்டான். எங்க வூட்டுக்காரரு கொழம்பச் சாப்டுட்டு, தலைக்குத் தேய்க்கட்டுமான்னு கேக்குறாரு."

வரையறைக்கு ஒரு திருத்தம் சேர்த்தேன். அப்போதும் என் உள்ளத்தில் ஐயம் எழவில்லை.

துளைத்தாளில் ஒரு தேர்வு

மறுசுழற்சியைப் போதிப்பவன் முதலில் தான் கடைப்பிடிக்க வேண்டுமல்லவா? அரையாண்டுத் தேர்வில் தமிழ்ப் பாடத்துக்குப் புதிய தாள் வழங்கலாகாது என்று முடிவு செய்தேன்.

எட்டாம் வகுப்பில் எஸ்தர் மேரி என்றொரு பெண். அவள் தாய் அண்ணாமலை நகரில் ஒரு மாணவர் விடுதிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தார். தந்தை பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஓட்டினார். விடுதி அலுவலகத்தில் கழித்துப் போட்ட கணிப்பொறித் தாள்களை அந்தத் தாய் இரண்டு கட்டுகளாகச் சுமந்துவந்து கொடுத்தார். இரு ஓரங்களிலும் துளைகள். ஒருபுறம் மங்கலான அச்சு. மறுபுறம் தூய வெண்மை. அந்த வெண்புறத்தில் தேர்வு நடந்தேறியது.

எஸ்தரைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். காலாண்டுத் தேர்வில் தமிழில் அவள் பெற்றது நூற்றுக்குப் பத்தொன்பது. தாளைக் கொடுக்கும்போது நான் ஒரு சொல் சொன்னேன். நகைச்சுவை என்று எண்ணித்தான் சொன்னேன்: "அம்மா எஸ்தர், இதைத் திருத்தச் செலவான சிவப்பு மை வீண்."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததனால் அதை அன்றே மறந்துபோனேன்.

ஆயினும் வீட்டில் அவள் தாய் சிரிக்கவில்லை. "தமிழ்லியே பெயிலாடி நீ? அரையாண்டுலயும் முப்பத்தஞ்சு வரல, கொண்டும்போய் ஓ.டி.ல உங்க அத்தை வூட்ல வுட்டுடுவேன், அங்கியே படி" என்று சொல்லிவிட்டார். ஓ.டி. என்பது கடலூர் முதுநகர். அத்தை அங்கே ஒரு பள்ளியில் கணக்காசிரியை. விடியுமுன் எழுப்பி வாய்பாடு ஒப்பிக்கச் செய்வாராம். இட்டிலி தின்னும்போதும் கணக்குக் கேட்பாராம். சிதம்பரத்தை விட்டுப் போவதற்கு எஸ்தருக்கு மனமில்லை. ஆகவே அந்த மூன்று மாதமும் படித்திருக்கிறாள். இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

மும்முறை படிக்கும் வழக்கம்

விடைத்தாளை மும்முறை படித்த பின்னரே மதிப்பெண் இடுவது என் வழக்கம். முதன்முறை பொருளுக்காக; இரண்டாம் முறை பிழைக்காக; மூன்றாம் முறை, முன்னிரு முறையும் நான் இழைத்த பிழைக்காக. இதனால் என்மீது குறை சொன்னவர் எவருமில்லை. விடைத்தாள் எப்போது கிடைக்கும் என்று கேட்டவர்கள் மட்டும் உண்டு.

இது குருவழி வந்த நோய். அண்ணாமலை நகரில் நான் பயின்ற காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் இதே போக்கினர். முதலாண்டில் நான் எழுதித் தந்த கட்டுரையை அவர் பட்டமளிப்பு வரை தரவில்லை. பிறகு என் திருமணத்துக்கு வந்தார். மணமேடையில் ஓர் உறையைக் கையில் வைத்து வாழ்த்திச் சென்றார். மாமனார் ஆவலோடு பிரித்தார். உள்ளே என் கட்டுரை. கீழே சிவப்பு மையில், "இன்னும் முயல்க." மாமனார் அதை மணப்பெண்ணுக்கான அறிவுரை என்று கருதி அவளிடமே கொடுத்துவிட்டார். என் மனைவி அதை இன்றும் வைத்திருக்கிறாள். அவ்வப்போது எடுத்துக் காட்டுகிறாள்.

நிற்க. அரையாண்டு விடைத்தாள்களை ஒரு நாளிதழில் சுற்றி, சணலால் கட்டி, ஆசிரியர் அறையில் என் மேசைக்கடியில் வைத்தேன். விடுமுறையில் தொடங்கிவிட எண்ணம். மார்கழித் திருவாதிரை வந்தது. சிதம்பரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு அந்நாளில் உலகமெல்லாம் உறவு. வந்தவர்கள் தேர் பார்த்தார்கள், தரிசனம் பார்த்தார்கள், பிச்சாவரத்தில் படகு பார்த்தார்கள், பிறகும் இருந்தார்கள். அவர்கள் போனபின் பொங்கல் வந்தது. கட்டு மேசைக்கடியில் கிடந்தது.

யானை உருவானது

கண்காட்சிக்கு யானை செய்வது என்று கைத்தொழில் ஆசிரியை தனலட்சுமி முடிவு செய்திருந்தார். சொல்லில் சிக்கனமும் சூடும் உள்ளவர். வயிற்றுக்கு விரிசல் விட்ட பெரிய நெகிழிக் குடம். கால்களுக்கு முகமாவு டப்பாக்களை அடுக்கிக் கட்டினார். தும்பிக்கைக்கு மிதிவண்டி டியூப். காதுகளுக்கு ஓட்டை விழுந்த இரண்டு முறங்கள். எல்லாவற்றின் மேலும் வெந்தயத்தை ஊறவைத்து அரைத்த விழுதில் தோய்த்த காகிதம் படை படையாக ஏற வேண்டும். காகிதக் கூடை செய்யும் பெண்கள் எல்லாரும் அறிந்த முறைதான் அது. பூச்சி அரிக்காது.

பிள்ளைகள் பத்து நாள் ஒட்டினார்கள். யானை ஒரு பெரிய ஆட்டின் அளவுக்கு எழுந்து நின்றது. நான் நாள்தோறும் போய்ப் பார்த்துப் பாராட்டினேன். தூரத்தில் நின்றுதான் பார்த்தேன். விழுது வேட்டியில் படும்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "தமிழய்யா, எட்டாம் வகுப்பு தமிழ் மார்க் மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயாவணும்."

"இன்றே தொடங்குகிறேன்" என்று சிவப்பு எழுதுகோலில் புதிதாக மை நிரப்பிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தேன்.

கட்டு இல்லை. தரையில் தூசி படிந்திருந்தது. அதன் நடுவில் நீள்சதுரமாக ஓரிடம் மட்டும் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்றிருந்தது.

வடக்கு வீதி அணித் தலைவன் பாலமுருகனை அழைத்தேன். "என் மேசைக்கடியில் ஒரு காகிதக் கட்டு இருந்ததே?"

"ஆமாங்கய்யா. ஒரு கிலோ இருந்திச்சு. அதாலதான் வடக்கு வீதி ஜெயிச்சுது."

"அதை என்ன செய்தீர்கள்?"

"யானைக்குப் போட்டுட்டோம்."

"அது உங்கள் விடைத்தாள் என்று உனக்குத் தெரியவில்லையா?"

"தெரிஞ்சிதுங்கய்யா."

"தெரிந்துமா எடுத்தாய்?"

"மூணு வாரம் யாரும் தொடலீங்களே. நாங்க தெனம் வந்து பாத்துக்கிட்டுதான் இருந்தோம். காலண்டர்ல குறிச்சு வச்சி, இருபத்திரண்டாம் நாள்தான் எடுத்தோம். ஒரு நாள் கூடவே வுட்டோம்யா" என்று கூறி, தன் குறிப்பேட்டை விரித்து என் வரையறையை எனக்கே படித்துக் காட்டினான்.

அதில் ஒரு சொல் மிகையில்லை, ஒரு சொல் குறைவில்லை.

முப்பத்தேழு பேர் மகிழ்ந்தனர்

தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். "யானைய ஒடைச்சா எடுக்கலாமா?"

"தொட்டீங்கன்னா நான் வேலைய வுட்டுட்டுப் போயிடுவேன்" என்றார் தனலட்சுமி. "பத்து நாளு வெந்தயம் அரைச்சிருக்கேன். கையி இன்னும் கசக்குது. இவரு பேப்பரத் தொலைச்சதுக்கு என் யானையா பலி?"

"மறுதேர்வு வைக்கலாம்" என்றேன்.

"ரெண்டு நாள்ல வச்சி, நீங்க திருத்தி?" என்று கேட்டுவிட்டு, தலைமையாசிரியர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "காலாண்டு மார்க்கையே அரையாண்டுக்கும் போட்டு அனுப்புங்க. கதை முடிஞ்சிது."

வகுப்பில் அறிவித்தேன். முப்பத்தேழு பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரித்தார்கள். அரையாண்டில் எழுதிய லட்சணம் அவரவர்க்குத் தெரியும். "யானைக்குச் சீக்கிரம் பெயிண்ட் அடிச்சிடுங்கய்யா" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் வேண்டிக்கொண்டான்.

மணியடித்ததும் வகுப்பு காலியாயிற்று. எஸ்தர் மட்டும் நின்றாள்.

"ஐயா, எனக்கும் பத்தொம்போதுதானா?"

"என்ன செய்வது அம்மா. தாள் இல்லையே."

"என்னோடது இருக்குங்கய்யா. யானை மேல."

மற்றப் பிள்ளைகள் தங்கள் தாள்களைக் கைக்கு வந்தபடி கிழித்து உட்படைகளில் புதைத்துவிட்டிருந்தார்கள். இவள் தன் தாள்கள் நான்கையும் தேடி எடுத்து, அடிக்கோலை வைத்து மூன்று மூன்று வரியாக நறுக்கி, எழுத்து வெளியே தெரியும்படி, எல்லாவற்றுக்கும் மேற்படையில், வரிசை மாறாமல் ஒட்டியிருக்கிறாள்.

"ஏன் அப்படிச் செய்தாய்?"

"யாராவது படிக்கட்டும்னுதான்."

"திருத்தாத தாள் என்று என்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்கலாமே?"

அவள் தன் பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள். "செவப்பு மையே இல்லீங்களா... நீங்க படிச்சிட்டு, மை வீணுன்னு தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேங்கய்யா."

பிறகு அம்மா சொன்னதையும், அத்தையையும், இட்டிலிக் கணக்கையும் சொன்னாள். அவற்றில் பாதி என் செவியில் ஏறவில்லை. முதலில் சொன்னதே ஒலித்துக்கொண்டிருந்தது.

காதுக்குப் பின்னால்

மறுநாள் மாலைதான் நான் யானைக்கடியில் கிடந்தது. வெள்ளி காலையில் சாம்பல் வண்ணம் பூசுவதாக ஏற்பாடு. அதற்குள் படித்தாக வேண்டும். எஸ்தர் பக்கத்தில் நின்று வழிகாட்டினாள்.

"முன்னங்கால்ல ஒரு மார்க் கேள்விங்க. சுத்தி வரணும். பின்னங்கால்ல இலக்கணம். முதுவுல கடிதம். கட்டுரை வயித்துல ஆரம்பிச்சு மேல ஏறும்."

காலைச் சுற்றித் தவழ்ந்து படித்தேன். விழுதில் மை சற்று ஊறியிருந்தாலும் எழுத்து தெளிவு. வாலடியில் பிரித்தெழுதும் வினா மூன்று, இரண்டு சரி. சிவப்பு மையில் குறியிட்டேன். யானையின் தோலில் எழுதுகோல் நன்றாகவே ஓடிற்று.

எஸ்தர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில்தான் தலைமையாசிரியர் வந்ததும், கதவைச் சாத்தியதும். ஐந்து நிமிடத்தில் தனலட்சுமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குள் வந்துவிட்ட எஸ்தர் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கட்டுரைக்கு வந்திருந்தேன்.

தன் வரலாறு கூறுதல் என்னும் பகுதி. எதைப் பற்றியும் எழுதலாம் என்று வினாவில் விட்டிருந்தேன். எஸ்தர் எழுதியிருந்தாள்:

"என் பெயர் குப்பைத்தொட்டி. நான் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கிறேன். என் வாய் எந்நேரமும் திறந்தே இருக்கும். ஆனாலும் எல்லாரும் என் காலடியில்தான் போடுவார்கள். நான் என்ன சாமியா?"

யானைக்கடியில் கிடந்தபடியே சிரித்துவிட்டேன். குடத்தில் தலை முட்டியது.

"என்னா ஆச்சு?" என்றார் தலைமையாசிரியர். உரக்கப் படித்துக் காட்டினேன். அவரும் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார்.

"பெரிய அதிகாரி வந்தால் எனக்குப் பண்டிகை. அன்றைக்கு மட்டும் என்னைக் கழுவி மஞ்சள் பெயிண்ட் அடிப்பார்கள். அவர் கார் போனதும் மாடு வந்து என்னைத் தள்ளிவிடும். மாட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது ஒன்றுதான் என்னிடம் நல்லது எது என்று தேடிப் பார்க்கும்."

கட்டுரை விலாவில் ஏறிக் கழுத்துக்கு வந்து, இடக்காதுக்குப் பின்னால் மறைந்தது. ஒட்டியபோது காது இல்லை. காதை மறுநாள் பொருத்தியிருக்கிறார்கள்.

மற்றப் பகுதிகளைக் கூட்டினேன். இருபத்தெட்டு. கட்டுரைக்குரியது பதினைந்து. தேர்ச்சிக்கு இன்னும் ஏழு வேண்டும்.

"ஏழுதானே? போட்டுட்டு எழுந்து வாங்க. மணி ஆறாவப்போவுது" என்றார் தலைமையாசிரியர்.

முடிவைப் படிக்காமல் கட்டுரைக்கு மதிப்பெண் இட்டதில்லை நான். ஆயினும் அன்றிருந்த நிலையில் இட்டிருப்பேன். ஏழென்ன, பதினைந்தும் இட்டிருப்பேன். எழுதுகோலின் முனையை யானைமேல் வைத்துவிட்டேன்கூட.

"சும்மா போடாதீங்கய்யா" என்றாள் எஸ்தர். "காதக் கழட்டிப் படிச்சிட்டுப் போடுங்க. அப்பறம் பெயிலானாலும் சரி."

மூவரும் தனலட்சுமியைப் பார்த்தோம். அவர் யானையைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு சத்துணவுக் கூடத்துக்குப் போய் வெந்நீரில் நனைத்த துணியோடு வந்தார். முறத்தின் விளிம்பில் அதை ஒற்றி ஒற்றி ஊறவைத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. "என் பேப்பராயிருந்தா நான் இவ்ளோ பண்ணியிருக்க மாட்டேன்" என்று நடுவில் ஒருமுறை சொன்னார். காது மேலிருந்து கீழாக மெல்லப் பிரிந்து தொங்கிற்று.

அடியில் இரண்டே துண்டுகள். ஈரத்தில் எழுத்து கசியத் தொடங்கியிருந்தது. விரைந்து படித்தேன்.

"என்னிடம் வருவதை எல்லாம் நான் ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்கிறேன். போட்டவர்கள் அதைக்கூடச் செய்வதில்லை. மணி அடித்துவிட்டதால் என் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். நன்றி."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

பன்னிரண்டு இட்டேன். ஒற்றுப் பிழைகளுக்காக மூன்று குறைத்தேன். அதில் சலுகை காட்டியிருந்தால் அவளே என்னை மதித்திருக்க மாட்டாள். மொத்தம் நாற்பது. அந்த எண்ணை எழுதக் காதுக்கடியில் இடமிருந்தது. எழுதி, வட்டமிட்டு, கையொப்பமும் இட்டேன்.

"தப்புக்கடியில போட்ட செவப்புக் கோடெல்லாம் நேரா இருக்குங்கய்யா" என்றாள் எஸ்தர். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வேட்டியில் ஒட்டிய விழுதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தனலட்சுமி சாம்பல் வண்ணத்தைக் கலக்கத் தொடங்கினார். தலைமையாசிரியர் ஓடிவந்து தடுத்தார். திருத்திய விடைத்தாளை ஆண்டு இறுதிவரை காத்துவைக்க வேண்டும் என்பது விதி. இப்போது யானை ஒரு விடைத்தாள். வண்ணம் பூசினால் ஆவணத்தை அழித்த குற்றமாகும். ஆகவே யானை வெள்ளையும் சிவப்புமாகவே புறப்பட்டது. பிரிந்த காதை, தூக்கிப் பார்க்க ஏதுவாக, சணலால் கட்டினோம்.

கடலூர்ப் பேருந்து

சனிக்கிழமை காலைப் பேருந்தில் கடைசி இருக்கையின் நடுவில் யானை, இருபுறமும் எஸ்தரும் பாலமுருகனும், முன்னிருக்கையில் நான்.

"இதுக்கு டிக்கெட்டா, லக்கேஜா?" என்றார் நடத்துநர்.

"மடில வச்சிக்கிட்டா அரை டிக்கெட்டு போடுப்பா" என்றார் ஒரு பயணி.

"மடில வச்சிக்கிற மாமாவுக்கு முழு டிக்கெட்டு, சீட்டுக்கு ரிப்பேர் செலவு" என்று சொல்லிக்கொண்டே நடத்துநர் யானையின் விலாவைப் பார்த்தார். படிக்கத் தொடங்கினார். வயிற்றுக்குக் குனிந்தார். "நான் என்ன சாமியா?" என்று தொடங்கி, மாடு வரும் இடம் வரை உரக்கப் படித்துச் சிரித்த சிரிப்பில் பி.முட்லூர் நிறுத்தத்துக்கு விசில் ஊத மறந்தார். இறங்க வேண்டியவர்கள் கூச்சலிட்டார்கள். பேருந்து நின்றபின், கூச்சலிட்டவர்களில் ஒருவர் இறங்காமல் யானையிடம் வந்து, "மாடு வர்ற எடம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கண்காட்சிக் கூடத்தில் எங்களுக்கு மூலையில் ஒரு மேசை. நடுவர் மூவர் வந்தார்கள். புட்டிகளால் ஆன கலங்கரை விளக்கத்தையும், அட்டைப் பெட்டித் தேரையும் கண்டு வியந்து வந்தவர்கள், எங்கள் யானையின் முன் குழம்பி நின்றார்கள்.

"ஏன் பெயிண்ட் அடிக்கல? இது என்ன செவப்பு செவப்பா டிக்கு?"

"விடைத்தாள் சார்" என்றான் பாலமுருகன், பெருமையோடு.

"விடைத்தாளையா கிழிச்சு ஒட்டினீங்க? குப்பை எது, குப்பை இல்லாதது எதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலியா?"

பாலமுருகன் என்னைப் பார்த்தான். குறிப்பேடு அவன் பையில் இருந்தது.

"சொல்லித் தந்தாங்க சார்" என்றாள் எஸ்தர். "மூணு வாரம் யாரும் தொடலன்னா குப்பைன்னு. ஆனா அது தப்பு சார். தொட வேண்டியவங்க இன்னும் தொடலன்னுதான் அர்த்தம். ஐயா அப்பறம் திருத்திட்டாங்க."

எதைத் திருத்தினேன் என்று அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எங்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது: நெகிழித் தாளில் சுற்றிய ஒரு நெகிழித் தண்ணீர்ப் புட்டி.

மதியத்துக்கு மேல் கண்ணாடி அணிந்த அம்மையார் ஒருவர் குடையோடு வந்தார். எஸ்தர் முதுகை நிமிர்த்தி நின்றதிலிருந்தே அவர் யார் என்று விளங்கிற்று.

"இவ அத்தைங்க. இங்க ஓ.டி.ல டீச்சரு. எங்க அண்ணி போன் பண்ணி, உங்க மருமவ யானை மேல பாஸாயிருக்கா, போய்ப் பாருங்கன்னு சொன்னாங்க. குடிச்சிட்டுப் பேசுறாங்களோன்னு நெனச்சேன்."

அவர் யானையைப் படிக்கவில்லை. கூட்டினார். முன்னங்காலிலிருந்து தொடங்கி, விரலை மடக்கி மடக்கி, வாயசைய, வலம் வந்தார். இரண்டாம் முறையும் வந்தார். பின்னங்காலருகே நின்றார்.

"ஐயா, இங்க வால்கிட்ட ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க. அத மொத்தத்துல சேக்கல. நாப்பது இல்ல, நாப்பத்திரெண்டு."

குனிந்து பார்த்தேன். மும்முறை படிப்பவன் ஒருமுறைகூடச் சரியாகக் கூட்டவில்லை. பட்டியலும் முந்தின நாளே போய்விட்டது.

"பட்டியலுக்குத் திருத்தம் எழுதி அனுப்புகிறேன், அம்மா."

"மொதல்ல இங்க திருத்துங்க. எழுதி வச்ச எடத்துலதானே மொதல்ல திருத்தணும்?" என்றார் அவர். பிறகு மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அங்கியே படிடி. எங்க இஸ்கூல்ல இதெல்லாம் நடக்காது. நாங்க ரெண்டே நாள்ல திருத்திக் குடுத்துடுவோம். இப்பிடியெல்லாம் எழுத உனக்கு நேரம் கெடைக்காது."

மெச்சினாரா இடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எஸ்தர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அத்தனை பேர் நடுவிலும் நான் மீண்டும் முழங்காலிட்டேன். அத்தை குடையைக் கக்கத்தில் இடுக்கி, நான் எழுதுவதை மேற்பார்வையிட்டார். எஸ்தர் யானையின் காதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்பதை அடித்து, நாற்பத்திரண்டு என எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

"மை வீணாகலையே ஐயா?" என்று மேலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது.